தீபாவளி சார்ட்டில் பயத்தின் வரிசை

எங்கள் அம்மா நெல்லை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, திருமணமாகி டெல்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்புக்கு வந்தவர்கள். பயந்த சுபாவம். இந்திக்குப் பயம், சாலையைக் கடக்கப் பயம், லிஃப்டுக்குப் பயம். எனக்குப் பத்து வயதானபோது அப்பா திடீரென்று காலமானார். அதன் பிறகுதான் கரோல் பாக் பக்கம் ஒரு சிறிய நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

பண்டிகை வந்தால் அம்மா வகுப்பில் ஒரு பெரிய சார்ட் ஒட்டுவார்கள். கீழே நான்கு முகங்கள்: மகிழ்ச்சி, வருத்தம், கோபம், பயம். தீபாவளிக்குக் காகித அகல், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம். ஒவ்வொரு குழந்தையும் தன் மனநிலைக்கு மேலே ஒன்றை ஒட்டவேண்டும். எந்த வரிசை உயரம், எது குட்டை என்று எண்ணவேண்டும். நான்கு வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் வரைபடம் கற்றார்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆண்டு, தீபாவளிச் சார்ட்டில் பயத்தின் வரிசை மகிழ்ச்சியைத் தாண்டிவிட்டது. "பட்டாசுக்குப் பயம், வேறென்ன? பெற்றோர் பார்ப்பார்கள், நாலைந்தை மாற்றி ஒட்டிவிடுங்கள்" என்றாராம் தலைமையாசிரியை. அம்மா மாற்றவில்லை. பிங்கி என்ற சிறுமியை மடியில் இருத்தி, பட்டாசுக்கா பயம் என்று கேட்டார்கள்.

"நஹீ மேம். வேன்வாலே பையா தாலா லகாகே சலே ஜாத்தே."

இல்லையாம், வேன் ஓட்டுநர் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறாராம். பயத்தில் ஒட்டிய மற்றவர்களையும் விசாரித்தபோது, ஐந்து பேர் அதே வேனில் போகிறவர்கள் என்று தெரிந்தது.

அம்மா எனக்குப் போன் செய்தார்கள். "ஏட்டி, உடனே ஸ்கூலுக்கு வா. அந்த வேன் பின்னாடி போணும். தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."

ஆட்டோவில் பின்தொடர்ந்தோம். வேன் ஒரு சந்துக்குள் நின்றது. ஓட்டுநர் இறங்கிக் கதவைப் பூட்டிவிட்டு ஒரு கிடங்குக்குள் நுழைந்தார். உள்ளே தீபாவளிச் சீட்டாட்டம். வெயிலில் நின்ற வேனின் கண்ணாடியில் சின்ன முகங்கள் ஒட்டியிருந்தன. ஒரு குழந்தை வாந்தியெடுத்திருந்தது.

அம்மா கிடங்கு வாசலில் நின்று சாவி கேட்டார்கள். குரலே எழும்பவில்லை. "பாஞ்ச் மினட், மேடம்", ஐந்தே நிமிடம் என்று ஓட்டுநர் சிரித்தார். கூட இருந்த ஒருவன் எழுந்து எங்களை நோக்கி வந்தான். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, போயிரலாம்மா."

"பிள்ளைகள விட்டுட்டா?"

அம்மா வேனருகே போய், ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லிக் கத்தத் தொடங்கினார்கள். அதுவரை அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பால்கனிகளில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், சிலர் இறங்கி வந்தார்கள். ஓட்டுநர் சாவியைத் தரையில் எறிந்தார். பிங்கி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

பெற்றோர் கூடிப் பேசியதில் அந்த வேன் நின்றது. ஆனால் அந்த ஓட்டுநர் இரண்டு நாள் பள்ளி வாசலில் வந்து அம்மாவையே முறைத்துக்கொண்டு நின்றார். பல மாதங்கள் அம்மா வேறு மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சுற்றி நடந்தார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. கிறிஸ்துமஸ் சார்ட்டிலும் பிங்கி பயத்தில்தான் நட்சத்திரம் ஒட்டினாள். இம்முறை காரணம் கிறிஸ்துமஸ் தாத்தா வேடக்காரரின் தாடி. அன்று அம்மா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்களாம்.

சென்ற குளிர்கால டெல்லிப் புகைமூட்டத்தில் அம்மாவின் நுரையீரல் தளர்ந்தது. மருத்துவமனையில், "பயமா இருக்கு, ஏட்டி" என்றார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா" என்றேன். "பக்கத்துல வந்து உக்காரு" என்று என் விரல்களைப் பற்றிக்கொண்டார்கள். மறுநாள் மதியம் அந்தப் பிடி தளர்ந்தது.

அம்மாவைத் தம் தாயைப்போல் கவனித்த, அந்த மருத்துவமனையின் நாகர்கோவில்காரச் செவிலியர்களுக்கும், தோள்கொடுத்த உறவினர், ஆசிரியைகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த மதியம் எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மருத்துவமனைக்கு ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அம்மாவின் இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்களில் யாராவது அவரிடம் இந்தியில் சொல்லுங்கள்: நான் மிகவும் பயந்துபோயிருந்தேன், நீங்கள் வந்தீர்கள்.