வசந்தா அக்காவும் பச்சை மாத்திரையும்

வசந்தா அக்கா போய்விட்டார். பழைய லேப் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் படம் வந்தது.

மாலை போட்ட அந்தப் படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. எதையாவது கிட்டத்தில் உற்றுப் பார்க்க அப்படித்தான் ஏற்றிக்கொள்வார்...

எண்பதுகளில் டெல்லியில், மருந்து பரிசோதிக்கும் ஒரு லேபில் நான் கண்ணாடிச் சாமான் கழுவினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய, வாயே திறக்காத பெண். "பீக்கர்கூட சத்தம் போடுது, நீ போட மாட்டேங்குறியே" என்பார் அக்கா.

வெளிநாட்டிலிருந்து வரும் மூலிகை மாத்திரைகளில், டப்பாவில் எழுதாத மருந்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மாத்திரையைக் கரைத்து, வெள்ளைப் பவுடர் பூசிய கண்ணாடித் தகட்டில் ஒரு பொட்டு. பக்கத்தில் ஸ்டீராய்டு ஒரு பொட்டு. தகட்டின் அடியைத் திரவத்தில் நிறுத்தினால் இரண்டும் மேலே ஏறும். இருட்டறையில் யூ.வி. விளக்கில் இரண்டும் ஒரே உயரத்தில் தெரிந்தால்... மாட்டிக்கொண்டது.

ஒரு நாள் அவர் மேஜையில் கொக்குப் படம் போட்ட டப்பா. பச்சை மாத்திரை.

என் அம்மா மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் தின்பது அதேதான். வீட்டு வேலை செய்யும் இடத்தில் யாரோ விற்றது. வலி போய், முகமும் உப்பியிருந்தது. நாங்கள் இருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பில் எல்லோரும் டெல்லித் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்றார்கள்.

வாயைத் திறந்து அக்காவிடம் சொல்ல எனக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் வீட்டு மாத்திரையைக் கொண்டுபோனேன். ஒரே உயரம்.

வீட்டில் சொன்னதும் அம்மா பயந்துபோய், மாத்திரையை டப்பாவோடு குடிசைக்குப் பின்னால் ஓடும் நாலா சாக்கடையில் எறிந்துவிட்டாள்.

அடுத்த சில நாளில் அம்மாவுக்கு வாந்தி, மயக்கம். எழுந்திருக்கவே முடியவில்லை.

வேலைக்கு வராத என்னைத் தேடி அக்கா கேம்புக்கே வந்தார். மாத்திரை எங்கே என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார்.

"சட்டுனு நிறுத்தக்கூடாதுன்னு சொல்லி அனுப்பாம விட்டுட்டேனே..." ஆஸ்பத்திரி வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தார். அம்மாவின் தலை அவர் மடியில்.

டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொன்னவரும் அக்காதான். அதே மருந்தைக் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அம்மா பிழைத்தாள்... மூட்டு வலியும் திரும்பி வந்தது.

"அந்தக் கண்ணாடிக்காரியாலதான் என் முட்டி போச்சு" என்று இன்றுவரை திட்டுகிறாள். அக்காவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

"திட்டட்டும். திட்டுறதுக்கு இருக்காங்கல்ல" என்பார் அக்கா.

போய் வாங்க அக்கா...

போனை வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலுக்குப் போனேன். முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாங்கி நான் தேய்க்க ஆரம்பித்தேன்.