மூன்றாவது பிரஷ்

குளியலறைக்குள் நுழைந்ததும் முதலில் குழாயைத் திறந்து விடுவார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர்கள் வெளியிலேயே நின்றுவிடுவார்கள். அந்த இடைவெளியில் வக்கீலம்மா கண்ணாடிக்குக் கீழே இருக்கும் டம்ளரை எட்டிப் பார்த்து, பல் துலக்கும் பிரஷ்களை எண்ணுவார். எண்ணியதும் குழாயை மூடிவிட்டு, "தண்ணி நல்லா வருதுங்க" என்பார்.

வீடு வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் பார்த்துக் கொடுக்கும் வக்கீல் அவர். பதினாறு வருடத் தொழில். வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாரும் இவரைக் கேட்பதில்லை. காகிதம் சரியாக இருந்தால் போதும். இவர் மட்டும் கைப்பையும் குடையுமாக பஸ் ஏறிப் போய்விடுவார். ஆபீசில் இவருக்குப் பல் டாக்டர் என்று பெயர். "என்ன டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை பல்லு?" என்று டைப்பிஸ்ட் வாயைக் கிளறினால், "எல்லாம் கெட்டியாத்தான் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒட்டிக்கொண்ட பழக்கம். "குடியிருப்போர் இருவர்" என்று விற்பவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பி ஒரு வீட்டை முடித்துக் கொடுத்தார். சாவி கைமாறிய அன்று, வாங்கியவரோடு போய் ஒவ்வொரு அறையாகத் திறந்தபோது, கடைசி அறைக் கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். விற்றவரின் அண்ணன். "சத்தம் போடாம இருக்கச் சொன்னாங்க" என்றார். தம்பி அதற்குள் குடும்பத்தோடு கிளம்பிப் போயிருந்தார். வீட்டின் மாடி அந்தப் பெரியவரின் ஓய்வுப் பணத்தில் எழும்பியது என்பது பிறகுதான் தெரிந்தது. பணம் போட்டுக் குடியிருப்பவர் வீட்டில் பங்கு கேட்க முடியும். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் கையெழுத்து இல்லாமல் வீடு விலை போயிருக்காது. முதியோர் இல்லத்தில் அந்த வருடத்தைக்கூட அவர் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு இவர் பிரஷ் எண்ணி, கணக்கில் வராத ஆளைக் கண்டுபிடித்து நிறுத்திய விற்பனைகள் பல. இவருக்குப் பின்னால் வந்த மூன்று பேரின் பெயர் பங்குதாரர்களாக ஆபீஸ் வாசல் பலகையில் ஏறிவிட்டது.

போன வாரம் முதலாளி கூப்பிட்டார். பழைய வீடுகளை வாங்கி இடித்துக் கட்டும் ஒரு கம்பெனிதான் ஆபீசுக்குப் படியளக்கிறது. "இந்தா பாரும்மா, அவங்களோட இந்த ஒரு வீட்ட மட்டும் நோண்டாம முடி. பலகையில அடுத்த பேரு உன்னுது. இதுவும் நின்னுச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காத."

மறுநாள் காலை அந்த வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்தார். விற்பவர்கள் கணவனும் மனைவியும். படிவத்தில் குடியிருப்போர் இருவர். டம்ளரில் மூன்று பிரஷ். மூன்றாவதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஈரம், பேஸ்ட் நுரை.

"அது சிங்க் தேய்க்கிறதுங்க," என்றாள் பின்னாலேயே வந்துவிட்ட வீட்டுக்காரி.

"சிங்க்குக்குப் பேஸ்ட் போட்டா தேய்க்கிறீங்க?"

பதில் வருவதற்குள் பக்கத்து அறைக் கதவு திறந்தது. எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள். தோளில் பை தயாராக இருந்தது. "கோவிச்சுக்காதடி. காலையிலயே எடுத்து வைக்கச் சொன்ன. மறந்து போச்சு," என்றார் தன் தங்கையான வீட்டுக்காரியிடம். டம்ளரிலிருந்து பிரஷ்ஷை எடுத்துப் பைக்குள் செருகிக்கொண்டார். "நான் இங்க இல்லைன்னே எழுதிக்கங்கம்மா. என்னால உங்க வேலை ஏன் கெடணும்?"

"எங்க போவீங்க?"

அக்கா தங்கையைப் பார்த்தார். தங்கை குழாயைப் பார்த்தாள்.

"இந்த வீடு கட்டறப்ப நீங்க ஏதாவது போட்டீங்களா பெரியம்மா?"

"வளையலக் கழட்டிக் குடுத்தேன். அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை!"

"போற இடத்துல எங்களுக்கே ஒத்த ரூம்தாங்க," தங்கையின் குரல் உடைந்தது. "நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

வக்கீலம்மாவின் கைப்பைக்குள் போன் அடித்தது. முதலாளிதான், முடிந்ததா என்று கேட்பார். அது அடித்து ஓயும் வரை நின்றார். பிறகு அக்காவிடம் கையை நீட்டினார். அந்த அம்மாள் புரியாமல் பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். பைக்குள் கிடந்த நூல் ஒன்று அதன் முனையில் சுற்றியிருந்தது. வக்கீலம்மா அதைப் பிரித்து எடுத்தார். திறந்தபடியே கிடந்த குழாயில் பிரஷ்ஷைக் கழுவி, டம்ளரில் மற்ற இரண்டோடு நிற்க வைத்தார்.