அம்மன் வாசலில் பொத்தான் கிட்டார்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஏழெட்டு வருடமாகிறது. ஒவ்வொரு முறையும் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒரு பயம். அம்மாவின் மனசு நோகுமே என்று இன்னொரு பயம். பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எனக்கு எழுத வருமா என்ற வெட்கம் வேறு. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்ததும் அம்மாவிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுதுவதானால் எழுது, மாமா பெயரை மட்டும் போடாதே, அவன் பிள்ளைகள் படிக்கின்றன என்றார். அதனால் ஒருவர் பெயரையும் நான் போடவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் அசாம் ஜாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்குப் பழம் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா மரத்திலிருந்து பழக்குலை வெட்டுபவர். அம்மாவின் தம்பியான மாமா ரவாங் டவுனில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். சனிக்கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். ஒரு தடவை வரும்போது டிவியில் மாட்டும் விளையாட்டுப் பெட்டி ஒன்றையும், அதனோடு ஒரு பிளாஸ்டிக் கிட்டாரையும் கொண்டு வந்தார். அந்தக் கிட்டாருக்குக் கம்பி கிடையாது. கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள். நடுவில் தட்டுவதற்கு ஒரு கட்டை. டிவியில் வண்ணப் பொட்டுகள் வரிசையாக இறங்கி வரும். எந்த வண்ணம் வருகிறதோ அந்தப் பொத்தானை அழுத்திக் கட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் டிவியில் கிட்டார் சத்தம் வரும். தப்பினால் சத்தம் அறுந்து போகும்.

எனக்குப் பதினொரு வயது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, அந்தப் பொட்டுகளே கண்ணுக்குள் இறங்கிக் கொண்டிருந்தன. ஐந்தாறு மாதத்தில் பெட்டி சூடாகிப் புகைந்து செத்துப் போனது. கிட்டார் மட்டும் வீட்டில் கிடந்தது. பெட்டி போனாலும் என் கை நிற்கவில்லை. மூன்று ஆங்கிலப் பாட்டுகள் முதலிலிருந்து கடைசி வரை மனப்பாடம். டிவியை அணைத்து வைத்துவிட்டு வாயால் முனகிக்கொண்டே வாசிப்பேன். பள்ளி வேனில் சீட்டின் மேல் வாசிப்பேன். கணக்குப் பாடத்தில் மேசைக்கு அடியில் வாசித்து ஆசிரியையிடம் கொட்டு வாங்கியிருக்கிறேன்.

அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, மகளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும் என்று நம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் தட்டினால்தானே சத்தம் வந்தது? நிறுத்தினால் நின்றதே.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு செம்பனைக் குலை அப்பாவின் தோளில் விழுந்தது. தோள் எலும்பும் விலா எலும்பும் உடைந்து, நுரையீரலில் இரத்தம் கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கண் திறக்காமல் கிடந்தார். அந்த நான்கு நாளில் அம்மா தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக் கொண்டார். பால்குடம் எல்லாரும் எடுப்பதுதான், மொட்டை எல்லாரும் போடுவதுதான். எங்கள் வீட்டில் மட்டும் இருப்பதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினால் என் மகள் உன் முன்னால் கிட்டார் வாசிப்பாள் என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் அப்பா கண் திறந்தார்.

வேண்டுதலைப் பற்றி அம்மா என்னிடம் சொன்னார். அது நிஜக் கிட்டார் இல்லை, வெறும் பொத்தான் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“டிவிக்குள்ள வாசிச்சவளுக்குக் கையில வாசிக்கத் தெரியாதா? வேண்டுனது வேண்டுனதுதான் லா. இனிமே அப்படி வாயால சொல்லாத, அம்மன் காதுல விழுந்துரும்” என்றார் அம்மா.

மாமாவுக்கு உண்மை தெரியும். ஆனால் என் மருமகள் கிட்டாரில் புலி என்று பஜனைக் குழுவில் பீற்றிக் கொண்டதே அவர்தான். கூட்டாளியிடம் ஒரு நிஜக் கிட்டாரை இரவல் வாங்கி வந்தார். அதன் கழுத்தில் ஐந்து வண்ண டேப்பை வெட்டி ஒட்டினார். பச்சையை அழுத்தினேன், தகரத்தில் ஆணியால் கீறியது போல ஒரு சத்தம். சிவப்பும் அதே கதிதான். மூன்று நாளில் விரல் நுனியெல்லாம் வீங்கி, சோறு பிசைய முடியவில்லை. நான் அழுததைப் பார்த்து மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய கூட்டாளி ஓர் அம்மன் பாட்டைக் கிட்டாரில் வாசித்துச் சீடியில் ஏற்றிக் கொடுப்பானாம். கோயிலில் அது ஓடும். நான் கையை மட்டும் அசைத்தால் போதும்.

“அம்மன் பாக்குறது மனசு. ஜனங்க கேக்குறது காதால. ரெண்டையும் சரி பண்ணிடலாம், நீ பேசாம இரு” என்றார்.

அப்பா வீடு திரும்பிய மறு வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம். தோளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பட்டுப்பாவாடையோடு கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றேன். பாட்டு ஓடியது, கையை அசைத்தேன். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு அழுதார். தோட்டத்துக் கங்காணியான மண்டோரின் மனைவிக்கு அருளே வந்துவிட்டது. நான் அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்தேன். பாட்டு முடியவில்லை. இன்னும் இரண்டு தட்டு பாக்கி இருந்தது. ஒலிபெருக்கியில் டிங் டிங் என்று அது தானாக வந்து நின்றது. பூசாரி மணி அடித்தார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாமியை ஏமாற்றிவிட்டோம், கொடுத்த உயிரைத் திருப்பி எடுத்துக் கொள்வாள் என்ற எண்ணம் என்னை அரித்தது. அப்பா இருமினால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். மத்தியானம் தூங்கினால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கிட்டே நின்று கவனிப்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல், பிளாஸ்டிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து, எனக்கு உண்மையில் தெரிந்த முதல் பாட்டைத் தொடங்கினேன். டக் டக் டக் என்று பொத்தான் சத்தம்தான்.

பாதியில் நிழல் விழுந்தது. அப்பா நின்று கொண்டிருந்தார். தோட்டத்து ஆபிசுக்குப் போய்விட்டு வருகிறார் போல, சட்டைப் பையில் நாலாக மடித்த கடிதம் துருத்திக் கொண்டிருந்தது. நான் உடைந்து போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாசித்தது நான் இல்லை, சீடி என்றேன்.

“தெரியும் ஆயி. நீ கையெடுத்த பொறவும் பாட்டு ஓடுச்சே” என்றார். சிரிக்கவில்லை. மெதுவாகக் குனிந்து, எனக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தார். “வாசி.”

“சத்தம் வராதுப்பா.”

“வராட்டி என்ன, வாசி.”

மூன்று பாட்டையும் வாசித்தேன். அப்பா சாலையையே பார்த்துக் கொண்டிருந்தார். முடிந்ததும் தப்பில்லாமல் வந்ததா என்று கேட்டார். சாமி வாசலில் பொய் சொல்லக் கூடாதே. இரண்டு இடத்தில் விட்டுவிட்டேன் என்றேன்.

“அப்பன்னா இன்னொருக்கா வாசி.”

இரண்டாவது தடவை தப்பே இல்லை. அதற்கும் இன்னொருக்கா என்றார். வெயில் படிக்கு ஏறியது, எனக்குப் பசி. அம்மா தேடுவாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம் என்றேன். போவலாம், போவலாம், இன்னும் ஒரே ஒருக்கா என்றார். அப்பாவுக்கு எவ்வளவு பக்தி, வேண்டுதலில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று எவ்வளவு கண்டிப்பு என்று நினைத்தேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான்காவது தடவை முடிந்த பிறகுதான் எழுந்தார்.

அந்த மாதக் கடைசியில் வீட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றி ரவாங்குக்கு வந்துவிட்டோம். அப்பாவால் இனிமேல் குலை வெட்ட முடியாது, தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மன் உயிரைத் திருப்பி எடுக்கவில்லை, கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக லோரியில் முன்னால் உட்கார்ந்து வந்தேன். அப்பா அதற்குப் பிறகு பதினான்கு வருடம் தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்த்துவிட்டுத்தான் சாமியிடம் போனார்.

எனக்குக் கல்யாணமான பிறகு, என் வீட்டுக்காரருக்கு வேலை போன அன்று, காரை வாசலில் நிறுத்திவிட்டு அவர் இறங்கவே இல்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து என்னிடம் சொல்ல வேண்டுமே. அப்போதுதான் எனக்கு அந்தக் கோயில் படி ஞாபகம் வந்தது. அப்பா சட்டைப் பையில் இருந்தது என்ன கடிதம் என்று அன்றுதான் புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாரிடமாவது சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், எழுதியிருப்பது எப்படியோ அப்படியே சொல்லுங்கள். என் அம்மாவே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லும்போது, அன்றைக்கு அந்தப் பிளாஸ்டிக்கில் நிஜமாகவே கிட்டார் சத்தம் வந்ததாம் என்று சேர்த்துவிட்டார். அம்மனுக்கு அது பெரிய காரியம் இல்லைதான். ஆனாலும் வரவில்லை. டக் டக் என்று பொத்தான் சத்தம்தான் வந்தது. அதைத்தான் அப்பா நான்கு தடவை கேட்டார்.