தகரத்துக்குக் கீழே பகல் தூக்கம்

பகலில் தூங்குகிறவனுக்குப் பரண் எப்படி இருக்கக் கூடாதோ, அப்படித்தான் எங்கள் வீட்டுப் பரண் இருந்தது. கட்டியவன் நானே என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை. திட்டுகிற ஆசை மட்டும் தீரவில்லை.

வெயில் காய்கிற கலேவெலயில் எங்கள் வீடு ஒரே ஓர் அறை. அதில் அடுப்பு, மனைவியின் தையல் மெசின், துணி கொண்டுவருகிற ஆட்கள். படுப்பதற்கென்று தகரக் கூரைக்குக் கீழே பலகைத் தட்டு ஒன்று அடித்து, ஏணி சாத்தியிருந்தோம். நான் மரக்கறி லொறி ஓட்டுகிறேன். விடிவதற்கு முன்பே மாத்தளைக்குச் சுமை கொண்டுபோய், பத்து மணிக்குத் திரும்புவேன். பதினொன்றிலிருந்து நாலு வரை, தகரம் கொதிக்கிற நேரத்தில்தான் நான் தூங்கியாக வேண்டும்.

வீடு கட்டிய மேசன் பாஸ் விவரமானவர். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார். நான் அவரோடு மல்லுக்கு நின்று அதைச் சீமெந்து போட்டு அடைக்க வைத்தேன். மனைவி இந்தச் சூட்டிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அதையும் அடைச்சிட்டா சூடு எந்த வழியாங்க போகும்?" என்று கேட்டாள்.

"ஒனக்குத் தெரியாது, பேசாம இரு" என்றேன்.

அவளுக்குத் தெரியாதது எல்கடுவ மலைக் குளிர். நான் பிறந்த தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் மழைக்காலம் வந்தால் அப்பா உரச் சாக்குகளைக் கிழித்து, கூரையோர இடுக்குகளில் குச்சியால் செருகுவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஓட்டையுள்ள வீட்டை நாங்கள் வீடாகவே மதித்ததில்லை. அப்படியும் ஒரு மழைக்காலத்தில் என் தங்கை நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். அவளுக்கு மூன்று வயது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

கலேவெலயில் நான் அடைத்த சுவர் என்னைத்தான் வாட்டியது. மின்விசிறி வாங்கினேன். அது இருந்த சூட்டையே சுற்றிச் சுற்றி என் முகத்தில் அடித்தது. தகரத்தின் மேல் தென்னங்கிடுகு பரப்பினேன். குரங்குகள் வந்து பிய்த்துப் போட்டன. ஈரச் சேலையைப் போர்த்திக்கொண்டு படுத்தால் அரை மணியில் காய்ந்துவிடும். மனைவி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் நாவுல ஊரைத் தாண்டி வரும்போது கண் சொருகிவிட்டது. ஒரு நொடிதான் இருக்கும். விழித்தபோது லொறி தார் ரோட்டை விட்டு இறங்கிச் சரளையில் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, ஓரத்தில் யாரும் நடந்து போகவில்லை. நிறுத்திவிட்டு இறங்கி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் யாராவது செத்துப்போவார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உளியும் சுத்தியலும் எடுத்தேன். காற்று வருகிற பக்கத்தில் பாய் மட்டத்துக்கு ஓர் ஓட்டை, எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி இன்னொன்று. நுளம்பு நுழைந்து கடிக்காமல் இரண்டுக்கும் வலை அடித்தேன். தகரத்தடியில் தேங்கிய சூடு மேல் ஓட்டை வழியாக வெளியேறியது. சில்லென்று ஆகிவிடவில்லை. ஆனால் தூக்கம் வந்தது.

அடுத்த மாதம் அப்பா தோட்டத்திலிருந்து இரண்டு நாள் தங்க வந்தார். மறுநாள் நான் லொறியை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு, பரணில் ஏறினால் உள்ளே ஒரே இருட்டு, பழைய சூடு. இரண்டு ஓட்டைகளிலும் லொறிச் சாக்குகள் இறுக்கிச் செருகியிருந்தன. அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, முகத்தில் திருப்தி.

"காத்து வந்திச்சுப்பா. நீ தூங்கணுமேன்னு அடைச்சிட்டேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "யாருப்பா ஒங்கள அடைக்கச் சொன்னா?" என்று கத்திவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாயைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த வருசம் சாக்கு பத்தல. பாப்பா படுக்கிற பக்கம் ஒண்ணு அடைக்காம விட்டுட்டேன்."

இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் சுவரை நான் எதற்காக அடைத்தேன் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாய் பக்கத்துச் சாக்கை உருவினேன். அவருடைய கையைப் பிடித்து, வலையை ஒட்டி வைத்தேன்.

"பாருங்கப்பா. இது அந்தக் காத்து இல்ல."

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

"குளிரவே இல்லையே" என்றார்.

பிறகு எழுந்து, எட்டி, மேல் ஓட்டைச் சாக்கையும் அவரே உருவினார். நான் படுத்தேன். நாலு மணிக்குக் கண் விழித்தபோது, அப்பா அதே இடத்தில், வலையில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.