மாநாட்டில் வாசித்த கதை

மூக்குக்கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் ஃபிரேமை வளைத்துச் சரிசெய்து கொடுக்கிற வேலை அவளுக்கு. எழுதுகிற ஆசை சின்ன வயதிலேயே தொற்றிக்கொண்டது, விடவில்லை. எழுத்தாளர் மாநாடு எங்கே நடந்தாலும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். திரும்பும்போது ஒரு துணிப்பையும், கடைசி வரிசையில் பாதி முகம் தெரிகிற போட்டோவும் மிஞ்சும்.

"அந்தப் பைகளை வச்சே நீ ஒரு கடை போடலாமே" என்று முதலாளி கிண்டலடிப்பார்.

கிண்டலடிக்காத ஒரே ஆள் அவள் தங்கைதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அக்கா தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். சமையலறையில் இருவரும் பேச உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அவருக்கு வேலை போயிடுச்சுக்கா. என்கிட்ட சொல்லல. காலையில டை கட்டிக்கிட்டுக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்துட்டு சாயங்காலம் வர்றாரு. என் கண்ணாலயே பார்த்தேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிக்கா கேப்பேன்? எனக்குத் தெரியாதுங்கிற தைரியத்துலதான் அந்த மனுஷன் நிமிர்ந்து நடக்கிறாரு. நானும் எப்பவும் போல டப்பா கட்டிக் குடுத்து, 'வேலை வேலைன்னு சாப்பிடாம இருந்துடாதீங்க'ன்னு சொல்லி அனுப்புறேன். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே."

அவள் மூச்சு விடவில்லை. அவருக்கும் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. விஷயம் அதோடு அடங்கிப்போனது.

அடுத்த மாநாட்டில் பேர்போன எழுத்தாளர் ஒருவர் பயிற்சி வகுப்பு எடுத்தார். இவள் கொண்டுபோன கதையைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் இருக்கும்மா, உயிர் மட்டும் இல்ல. வெளியில சொல்லக்கூடாதுன்னு மனசுல எதையாவது பூட்டி வச்சிருப்பீங்க பாருங்க, அதை எழுதுங்க."

கேன்டீன் மூலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். பஸ் ஸ்டாண்டை ரயில் நிலையமாக்கினாள். தங்கை புருஷனை வங்கி குமாஸ்தாவாக்கினாள். தங்கை சொன்ன வார்த்தைகளில் மட்டும் கை வைக்க மனசு வரவில்லை. மறுநாள் மேடையில் வாசித்தாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. அந்த எழுத்தாளர் எழுந்து நின்றே தட்டினார். பதிப்பாளர் ஒருவர் தேடி வந்து போன் நம்பர் வாங்கிக்கொண்டார். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

மாநாட்டுக்காரர்கள் அதை வீடியோவாகப் போட்டார்கள். இத்தனை வருஷம் கிண்டலடித்த முதலாளிக்கு அன்றைக்கென்று பெருமை பொங்கிவிட்டது. "நம்ம கடைப் பொண்ணு" என்று வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அனுப்பி வைத்தார். தங்கை புருஷனும் அங்கேதான் கண்ணாடி வாங்கியிருந்தார்.

அவர் கத்தவில்லை. "அப்போ தெரிஞ்சேதான் தினமும் டப்பா கட்டினியா?" என்று மட்டும் மனைவியிடம் கேட்டார். அன்றிலிருந்து அவள் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டைத் தொடுவதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார்.

கேள்விப்பட்டதும் அக்கா ஓடினாள். தங்கை வாசலை விட்டு நகரவில்லை.

"எல்லாத்தையும் மாத்தித்தானே எழுதினேன்..."

"நான் சொன்னதை அப்படியே வச்சிருக்கியேக்கா."

"அதுதானே கதைக்கே..." என்று வாய்தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோசனம்?

தங்கை அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இனிமே ஞாயித்துக்கிழமை வராதே."

புத்தகம் வந்தது. அந்தக் கதைதான் முதலில் இருந்தது. ஒரு பிரதியைத் தங்கைக்கு அனுப்பலாமா என்று யோசித்தவளுக்குத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

அடுத்த மாநாட்டில் அவளுக்கு மேடையிலேயே நாற்காலி போட்டார்கள். 'மாநாடுகளால் எழுத்தாளருக்கு என்ன லாபம்' என்பது தலைப்பு. போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் லீவு நாளில் போவதற்கு அவளுக்கு வேறு வீடு இல்லை.

"உங்களுக்கு என்ன கிடைச்சுது, சொல்லுங்க" என்று நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கைக் கொடுத்தார்.

"புத்தகம் வந்துச்சு. நாலு பேருக்கு என் பேரு தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் மைக்கை நீட்டினாள்.