எங்கள் முன்வாசல் புல்லும் இரண்டு மெஷின்களும்

வீட்டின் முன்னால் புல் எவ்வளவு உயரம் வளரலாம்? இந்தக் கேள்வியோடு இரண்டு மழைக்காலங்களைக் கழித்துவிட்டேன். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நம் வீடுகளில் இப்படி ஒரு கேள்வியே எழாது. வாசலில் புல் தலைகாட்டினால் செதுக்கி எறிந்துவிட்டுச் சாணம் தெளித்துப் பெருக்குவோம். வேலூரில் என் அம்மா, பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தெருவில் கடக்கும்போதெல்லாம், "வாசல்ல புல்லு மொளைச்சுப் போச்சு பாரு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாள். ஆகையால் கல்யாணமாகி இங்கே தங்கச் சுரங்கத்து நந்திதுர்க் குவார்ட்டர்ஸில் வண்டியிலிருந்து இறங்கியபோது, நான் குடியிருக்கப் போகும் வீட்டின் முன்னால் பச்சைப்பசேலென்று புல் நிற்பதைப் பார்த்து, பூட்டிக் கிடந்த வீடோ என்று நினைத்தேன்.

எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு வெள்ளைக்கார ஃபோர்மன் இருந்தாராம். தன் ஊர் நினைவாக வேலிக்குள் புல் போட்டு வளர்த்திருக்கிறார். அவர் கப்பலேறிப் போனதும், சுரங்க ஸ்டோரில் குமாஸ்தாவாக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு அந்த வீடு கிடைத்தது. புல்லும் கூடவே கிடைத்தது.

"இதைச் செதுக்கிப் போட்டுடலாமா?" என்று வந்த வாரமே கேட்டேன்.

"செதுக்கறதா? நல்லா சொன்னே. பெரிய துரை தினமும் இந்த வழியாத்தான் குதிரையில போறார். புல்லைப் பார்த்துக்கணும்னு சொல்லித்தான் வீட்டையே கொடுத்தாங்க" என்றார் அவர்.

புல்லை அப்படியே விட்டேன். சொன்னதைச் செய்து பழகியவள் நான். மிஷன் பள்ளி விடுதியில் வளர்ந்தேன். அங்கே கூடம் நிறையப் பெண்கள்; பாய் விரித்தால் ஒருத்தி முழங்கை இன்னொருத்தி விலாவில் இடிக்கும். இங்கே அவர் வேலைக்குப் போய்விட்டால் நானும் என் பெண் குழந்தையும்தான். ஒரு பக்கத்து வீட்டில் இங்கிலீஷ் பேசும் குடும்பம். அந்த அம்மாள் என்னைப் பார்த்தால் தலையை அசைப்பாள், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் வேலியும் அதற்கப்பால் சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கும் ஷாஃப்டும். பாறை இடிக்கும் மில்லின் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டேயிருக்கும். நான் குழந்தையிடம் பேசுவது எனக்கே கேட்காத நாட்கள் உண்டு.

என்னிடம் பேச வந்த ஒரே ஆள் புல்லறுக்கிறவள்தான். வேலிக்கப்பாலுள்ள கூலி லைனில் மூங்கில் தட்டி வீட்டில் இருப்பவள். ஆரணிப் பக்கம் அவள் சொந்த ஊர். புருஷன் சுரங்கத்தில் கீழே வேலை செய்கிறான். அவளுக்கு ஒரு எருமை. ஃபோர்மன் காலத்திலிருந்தே எங்கள் புல்லை அறுத்து எருமைக்குக் கொண்டுபோவாள். எங்களுக்குப் புல் வெட்டிய மாதிரி, அவளுக்குத் தீவனம் கிடைத்த மாதிரி. என்னைவிட மூத்தவள். ஆனாலும் நான் அவளை 'நீ' என்றுதான் அழைத்தேன். இங்கே வழக்கம் அது. அது சரிதானா என்று அப்போதே எனக்குக் குறுகுறுப்பாக இருக்கும்.

அரிவாளோடு குந்திக்கொண்டே நகர்வாள், வாய் ஓயாது.

"இன்னாம்மா, கண்ணு செவந்துகீது? அய்தியா?"

"இல்லையே. அடுப்புப் புகை."

"ஆங், ஆங். எங்க ஊட்லயும் அதே பொகைதான். ஐயா ஊட்டுக்கு வந்து அதிகாரம் பண்ணா பொகை ஜாஸ்தியா வரும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அவள் கட்டி வைத்த புல்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் என் பெண் முதன்முதலில் எழுந்து நின்றாள். "பாரு பாரு, எருமைக்குப் போட்டியா வந்துட்டா!" என்று அவள் கத்திய கத்தலில் குழந்தை பயந்து உட்கார்ந்துவிட்டது.

புல்லில் வருஷத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டென்று இங்கேதான் தெரிந்துகொண்டேன். பங்குனியில் கருகி வைக்கோல் நிறமாகிவிடும். சித்திரையில் இரண்டு மழை பெய்தால் வேரிலிருந்து பச்சை கிளம்பும். ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. மார்கழிப் பனியில் வளர்ச்சி குறையும். மழை மாதங்களில்தான் எனக்கும் அவளுக்கும் இழுபறி. நான் "இன்றைக்கே அறுத்துவிடு" என்பேன். அவள், "இன்னும் ஒரு வாரம் உடும்மா. இப்பத்தான் முழங்கா ஒசரம் வந்துகீது. குட்டையா அறுத்தா கட்டுல நிக்காது, எருமைக்கும் பத்தாது" என்பாள்.

முழங்கால் உயரம் அவளுக்கு. என் பெண் நின்றால் அதற்குள் தலை மறைந்துவிடும்.

நான் விட்டுக்கொடுத்தேன். எருமைக்காக என்று அவரிடம் சொன்னேன். கட்டுக்குப் புல் போதாவிட்டால் அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயம்தான் உண்மையில்.

போன வருஷம் ஆவணியில் ஒருநாள் காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். திரும்பினால் குழந்தையைக் காணோம். புல் மட்டும் ஓரிடத்தில் அசைந்தது. ஓடிப்போய் விலக்கிப் பார்த்தேன். நடுவில் உட்கார்ந்திருந்தாள், கையில் ஒரு பாம்புச் சட்டை. பட்டுத்துணியைப் போல அதை நீவிக்கொண்டிருந்தாள். ஒரு முனை வாயில்.

எப்படித் தூக்கினேன், எப்படி வாயைத் துடைத்தேன் என்பதெல்லாம் நினைவில்லை. அப்போதுதான் புல்லறுக்கிறவள் வந்தாள். சட்டையை அரிவாள் நுனியில் எடுத்துப் பார்த்தாள்.

"சட்டைய கழட்டிப் போட்டுட்டு ஆளு பூட்சிம்மா. ஒண்ணியும் ஆவாது. அய்வாத."

"எங்கே போச்சு?"

அவள் புல்லைக் காலால் விலக்கிப் பார்த்தாள். அன்று தானாகவே புல் முழுவதையும் அறுத்தாள். இன்னும் முழங்கால் உயரம் வராததால் கட்டு நோஞ்சானாக இருந்தது. ஆனால் மழைக்காலத்துப் புல் சும்மா இருக்குமா? கொஞ்ச நாளில் மறுபடி கணுக்காலைத் தாண்டியது. எனக்குத் தூக்கம் போயிற்று. குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டேன் என்று ஆகிவிட்டது.

"மெஷின் கொண்டு வர்றேன். வாரம் ஒரு தடவை தள்ளினால் விரல் உயரத்துக்கு மேல் புல்லே இருக்காது. பாம்பு எங்கே ஒளியும்?" என்றார் அவர்.

ஸ்டோரில் துரைமார் பங்களாக்களுக்காக வந்த புல்வெட்டும் மெஷின்களில் இரண்டு பழசு கிடந்தன. இரண்டையும் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தி, "நீயே பார்த்து எடு" என்றார். அவர் இப்படி என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது அதுவே முதல் தடவை. இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

பெரியது இரும்பு உருளையோடு மாட்டைக் கட்டி இழுக்கிற மாதிரி. புல்லறுக்கிறவள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

"இத்த நான் பெரிய பங்களால பாத்துகீறேன். புல்லுல கொளம்புத் தடம் வுயக்கூடாதுன்னு மாட்டுக்குத் தோல் பூட்ஸு போட்டு உட்றாங்க. எங்க ஊட்டுக்காரர் பத்து வருசமா ஷாஃப்ட்ல எறங்கறாரு, அவருக்கு யாரு போட்டாங்க பூட்ஸு? அந்த மாட்டுக்கே என்னைக் கட்டிக் குடுத்திருக்கலாம்."

என் வீட்டுக்காரருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. துரைமாரிடம் சம்பளம் வாங்குகிறவர் என்பதால் இருமலாக மாற்றிக்கொண்டார்.

சின்னது கையால் தள்ளுவது. முறுக்கிய கத்திகள் ஒரு உருளையில் சுற்றும். அடியில் ஓர் அசையாத கத்தி. இரண்டுக்கும் நடுவில் புல் சிக்கி நறுக்கப்படும். கத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய காகிதத்தை நடுவில் கொடுத்துச் சுற்ற வேண்டும் என்று அவர் காட்டினார். ஒரு முனையில் காகிதம் சுத்தமாக வெட்டுப்பட்டது, மறுமுனையில் கசங்கியது. திருகாணியைத் திருகி நான்தான் சரிசெய்தேன். பெரியதற்கு மாடு வேண்டும், ஆள் வேண்டும். சின்னது எனக்குப் போதும் என்று சொன்னேன். அதையே எடுத்துக்கொண்டோம். பனி உலர்ந்த பிறகுதான் தள்ள வேண்டும், ஈரத்தில் அடைத்துக்கொள்ளும். இந்த மண்ணில் கிடக்கும் பொடிக்கற்களை முதலில் பொறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கத்தி பல்லுப் பல்லாக உடையும். வாசற்கதவைச் சாத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே தள்ளினேன். குமாஸ்தா வீட்டுப் பெண் இதைச் செய்யலாமா என்று ஒவ்வொரு நடைக்கும் தோன்றும். ஆனால் திரும்பிப் பார்த்தால் புல் ஒரே சீராகப் படிந்திருக்கும். குழந்தையை இறக்கிவிட்டேன். தத்தித் தத்தி நடந்தாள். கால்விரல்கூட எனக்குத் தெரிந்தது.

வெட்டுப்பட்ட புல்லை எறிய மனமில்லை. எருமைக்கு ஆகட்டுமே என்று ஒவ்வொரு தடவையும் கூடையில் அமுக்கிச் சேர்த்து வைத்தேன். அவள் வந்தபோது பெருமையோடு காட்டினேன். அவள் கையை உள்ளே விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள்.

"யம்மா! உள்ளார அடுப்பு எரியுது!"

புளித்த வாடை வந்தது. வைக்கோல்போர் ஈரத்தில் சூடேறுவது எனக்குத் தெரியும்; விரல் நீளப் புல்லும் அப்படியே செய்யும் என்று தெரியாது. கூடையின் ஓரத்தில் அன்றைக்கு வெட்டிய கொஞ்சம் நல்ல புல் இருந்தது. அதை விரலிடுக்கில் எடுத்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

"இத்த எப்டிம்மா கட்றது? கொண்டுபோய்ப் போட்டா மூக்குல ஏறி எருமை தும்மிகினு இருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

"கொஞ்ச இடம் வளரட்டும், பின்பக்கம் விட்டுவிடுகிறேன்" என்றேன்.

அவள் என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். "வாணாம்மா. புள்ள ஓட்ற ஊடு. நான் கோரமண்டல் ஸ்டேஷன் பக்கம் ரயில் கரைல அறுத்துக்கறேன். அங்க நெறைய கீது." குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். "வரேன் பொண்ணே" என்று அவள் சொன்னது குழந்தையிடமா என்னிடமா தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. கோபமில்லை, வருவதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான். பெரிய துரை ஒருநாள் குதிரையை நிறுத்தி எங்கள் வாசலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாராம். அதை என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது மறுபடி மறுபடி சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். பெண் இப்போது ஓடுகிறாள். பாம்பு எதையும் காணவில்லை. எதை நினைத்துப் பயந்தேனோ அது தீர்ந்துவிட்டது. ஆனாலும் காலையில் பனி உலர்கிற நேரத்தில் என் காது தானாக வேலிப் பக்கம் போகிறது. அந்த நேரத்தில்தான் மெஷினைத் தள்ளுகிறேன். கத்தி சுற்றுகிற சத்தத்தில் வேறெதுவும் கேட்பதில்லை.

போன மாதம் ஸ்டோர் சாலையில் அவளைப் பார்த்தேன். தலையில் பெரிய கட்டு, கண்வரைக்கும் புல் தொங்கியது. "நல்லாகீறியாம்மா? பாப்பா வளந்துட்சி!" என்று நடந்துகொண்டே கேட்டாள். தலைச்சுமையோடு நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் பதில் சொல்வதற்குள் திருப்பத்தில் போய்விட்டாள்.

லைனுக்கு நான் போக முடியாது. குமாஸ்தா வீட்டுப் பெண்கள் அங்கே போவதில்லை. போனால் அவர் காதுக்கு அன்றைக்கே வரும், அவளுக்கும் அக்கம்பக்கத்தில் சங்கடம். அவளை இங்கே வரச்சொல்ல வேண்டுமானால் ஒரு வேலை சொல்ல வேண்டும். மாவு இடிக்க என்று சொல்லலாமா? இருக்கிற ஒரு படி மாவுக்கு ஆளா என்று அவர் கேட்பார். எருமைப்பால் ஊற்றச் சொல்லலாம்; ஆனால் அவள் கறக்கும் பால் முழுவதும் ஏற்கெனவே ஓர் இடத்துக்குப் போகிறது. சும்மா வா, உட்கார்ந்து பேசு என்று கூப்பிட்டால் அவள் என்ன நினைப்பாள்? எங்கே உட்காரச் சொல்வேன்? பாய் போடுவேனா, படியில் உட்காரட்டும் என்று விடுவேனா? இப்போதாவது 'நீங்க' என்று சொல்வேனா?

உங்களில் வீட்டு வேலைக்கு வந்தவளை வேலை முடிந்த பிறகும் வரவழைத்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால், எதைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று தயவுசெய்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். வந்தபின் முதல் வார்த்தை என்ன பேசினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.