அப்பாவின் ஆறும் என் நீலச் சேலையும்

அப்பா இல்லாமல் ஒரு வருடம் போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் இதை நான்தான் எழுதுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கான காரணத்தையும் சொல்கிறேன்.

அப்பா பிறந்தது சாத்தூர் பக்கம் அச்சங்குளம். மழையை நம்பிய கரிசல் காடு. வெள்ளாமை பொய்த்துக்கொண்டே போனபோது, விருதுநகரில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பா இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள். பாலம் போடும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அப்போது நீச்சல்கூடத் தெரியாது. எங்கள் கண்மாயில் தண்ணீர் நின்றால் அல்லவா நீச்சல் பழகுவதற்கு!

எழுபத்தொன்றில் நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த போரில் அப்பா இருந்தார்கள். பிறகு விடுப்பில் வந்து அம்மாவைக் கைப்பிடித்தார்கள். ராணுவத்தில் காலம் முடிந்ததும் திருத்தங்கலுக்குக் குடிவந்து, ஒரு பட்டாசுக் கம்பெனியில் வாசல் காவலுக்குச் சேர்ந்தார்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரின் பையையும் மடியையும் தடவிப் பார்க்கும் வேலை. முதலாளியின் மருமகனையே செல்போனை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னவர்கள் என் அப்பா. நோயில் கிடந்த காலத்தில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டதுகூட அப்பாதான்.

அம்மா போனபின் அப்பாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் லோடு லாரியில் வெளியூர் போகிறவர். வீட்டில் அப்பாவும் நானும், கம்பெனிக்காக நான் உருட்டும் காகிதக் குழாய்களும்தான். போரைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கேட்டது டீச்சர். என் தம்பியின் மனைவியைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“மாமா, எழுபத்தொண்ணு சண்டை பாடத்துல நாலே வரிதான் இருக்கு. நீங்க அங்கன இருந்தீகளாமே. எனக்குச் சொல்லுங்க, நான் பிள்ளைகளுக்குச் சொல்லணும்.”

அப்பா சிரிப்பார்கள், பேச்சை மாற்றுவார்கள் என்று நான் காத்திருந்தேன். ஆனால் அப்பா கொடியில் காய்ந்த என் நீலச் சேலையை உருவி, நீளமாக மடித்துத் தரையில் போட்டார்கள்.

“இந்தா, இது ஆறு.”

“எந்தக் கரை மாமா நம்ம கரை?”

“நீ உக்காந்திருக்கது நம்ம கரை. காலை எடும்மா, ஆத்துக்குள்ள கெடக்கு.”

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா என் குழாய்களை அள்ளிச் சேலைமேல் வரிசையாக அடுக்கினார்கள். அவை மிதவைகள். அவற்றின்மேல் பழைய காலண்டர் அட்டை. அது பாலம்.

“அப்பா, குழாய் நசுங்குச்சுன்னா கம்பெனில திருப்பிருவாக” என்றேன்.

“ராணுவத்துக்கு எடுத்திருக்கு தாயி. சண்டை முடியவும் தந்துருவோம்.”

அதன்பிறகு பல சாயங்காலங்கள் இப்படித்தான். டீச்சர் கேட்பார், அப்பா சொல்வார்கள். நான் உள்ளிருந்து வந்தால் பேச்சு நின்றுவிடும். “தண்ணி வந்துருச்சா தாயி?” என்பார்கள் என்னிடம். டீச்சர் போனபின் ஆற்றை உதறிக் கொடியில் போடுவதும், பாலத்தைப் பிரித்துக் கூடையில் அடுக்குவதும் என் வேலை. கடைக்குப் போனால் டீச்சரிடம் படிக்கும் பிள்ளைகள் அப்பாவைப் “பாலம் தாத்தா” என்று கூப்பிட்டு ஓடிவரும். ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த என் அப்பாவை எனக்குத் தெரியவில்லை. வயிறு எரிந்தது. எழுதும்போது இப்போதும் எரிகிறது.

ஒருநாள் வெட்கத்தை விட்டு, “எனக்கும் சொல்லுங்கப்பா” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல? ஆத்துல பாலம் போட்டோம். வந்துட்டோம்” என்றார்கள். அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது வேறு. கதை நடக்கும்போது நடுவில் ஒருமுறை, “தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று அப்பா அடுப்படிக்கு வருவார்கள். செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நிற்பார்கள்.

“என்ன தாயி வச்சிருக்க?”

“ரசம்.”

“எப்படி வைக்க?”

“இம்புட்டு வருசமா சாப்பிடுறீக, தெரியாதாக்கும்.”

“சொல்லேன். மொதல்ல இருந்து சொல்லு.”

எரிச்சலோடு சொல்வேன். புளி ஊறப்போடுவது, மிளகும் சீரகமும் தட்டுவது, கடைசியில் கடுகு வெடிப்பது வரை. எதையாவது விட்டுவிட்டால், “பெருங்காயம் போடலையா?” என்பார்கள். சொல்லி முடித்ததும் செம்பை வைத்துவிட்டுப் போவார்கள். பாதிநாள் தண்ணீர் குறைந்தே இருக்காது. டீச்சருக்குப் போர், எனக்கு ரசம் என்று முணுமுணுத்துக்கொள்வேன்.

கடைசியில் மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே கேள்விதான். டீச்சர் பக்கத்தில் இருக்கும்போதே என்னைத் தேடி, “என்ன தாயி வச்சிருக்க?” என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஏது அடுப்பு? இருந்தாலும் முதலில் இருந்து சொன்னேன். பெருங்காயத்தை நான் விட்டதை அப்பா கேட்கவில்லை. மறுநாள் காலையில் அமைதியாகப் போய்விட்டார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் டீச்சர் எழுந்து ஆற்றையும் பாலத்தையும் பற்றிப் பேசினார். எல்லோரும் கண்ணைத் துடைத்தீர்கள். நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். வருடம் திரும்பியதும் தம்பி, “மலருக்கு டீச்சரே எழுதட்டும்க்கா. அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றான்.

“நான் எழுதுறேன்.”

“நீயா? ஒனக்குச் சண்டையப் பத்தி என்ன தெரியும்?”

“கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்” என்றேன். கேட்பதற்கு டீச்சரை விட்டால் வேறு ஆள் இல்லை.

அதே நீலச் சேலையைக் கொண்டுவந்து நானே விரித்தேன். டீச்சர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அன்று வங்காளதேசம் என்ற நாடே இல்லை, கிழக்கில் இருந்ததும் பாகிஸ்தான்தான் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. அங்கே எங்கு திரும்பினாலும் ஆறாம். பின்வாங்கியவர்கள் பாலங்களை உடைத்துவிட்டுப் போக, வண்டியும் பீரங்கியும் கரையில் நின்றுவிடுமாம். அப்பாவின் ஆட்கள் தண்ணீரில் இறங்கினால்தான் படை நகருமாம்.

“விடிய விடியப் பாலம் போட்டு முடிச்சிட்டாக. விடியவும் மொத வண்டி ஏறணும்” என்ற டீச்சர், வண்டியாக ஒரு தீப்பெட்டியைக் கரையில் வைத்துவிட்டு நிறுத்தினார். “இங்கனதான் மதினி. எத்தன தடவ சொன்னாலும் இந்த இடம் வந்தா, தண்ணி குடிக்கணும்னு எந்திரிச்சிருவாக. திரும்பி வந்து, தீப்பெட்டிய எடுத்து அந்தக் கரையில வச்சிட்டு, ‘சரி, தாண்டியாச்சு’ம்பாக. நடுவுல என்னாச்சுன்னு கேட்டுப் பாத்துட்டேன், சொல்லவே இல்ல. உள்ள வந்து என்ன மதினி செய்வாக? ஒங்ககிட்ட எதும் சொன்னாகளா?”

நான் சேலையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

“தண்ணி குடிப்பாக” என்றேன்.

முதல் வண்டி ஏறியபோது அந்தப் பாலத்தில் என்ன நடந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதைச் சொல்ல முடியாத சாயங்காலங்களில் அப்பா எழுந்து வந்தது என்னிடம். புளியில் தொடங்கிக் கடுகு வரை நான் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கரைக்குப் போனார்கள்.

அப்பாவின் கடைசி நாட்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், இந்த மலரை நல்ல தாளில் அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், செலவை ஏற்ற தம்பிக்கும் எங்கள் நன்றி.

போரை எனக்குக் கற்றுக்கொடுத்த டீச்சருக்கும் நன்றி. பிழை திருத்தித் தருகிறேன் மதினி என்று இந்தக் கட்டுரையை அவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. நேரே அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அப்பா உள்ளே வந்து என்ன செய்வார்கள் என்று அன்று அவர் கேட்டதற்கு உண்மையான பதிலை, உங்கள் எல்லோரையும் போல அவரும் இப்போதுதான் படிக்கிறார்.